செம்பாறை ஏன் சேறாக வருகிறது?

அமெரிக்காவின் யூட்டா வரைக்கும் போய், கண்ணெதிரே தணலாக நிற்கும் பாறையைப் படமெடுத்தால் காய்ந்த சேறு மாதிரி ஒரு நிறம். எரிச்சல் வருமா, வராதா?

பாதிக் குற்றம், வெளிச்சத்துக்கேற்ப நிறத்தைத் தானே சரிசெய்யும் கேமராவின் ஆட்டோ ஒயிட் பேலன்ஸுடையது. ஃபிரேம் முழுக்கச் சிவப்பைப் பார்த்ததும், ஏதோ பல்பு வெளிச்சம் என்று நினைத்து நீலத்தைக் கலந்துவிடும். அதைப் பகல் வெளிச்சத்துக்கான டேலைட்டில், அதாவது 5200–5500 கெல்வினில், நிறுத்திவைத்தால் போதும். சரி, நிறம் வந்துவிட்டதே என்று எக்ஸ்போஷரை (உள்ளே விழும் ஒளியை) கூட்டினால் அடுத்த தலைவலி: படத்தின் சிவப்புப் பங்கான சிவப்பு சேனல் மட்டும் எகிறி, பாறையின் வரிகளெல்லாம் மொழுக்கென்று போய்விடும். கேமரா காட்டும் வெளிச்ச வரைபடமான சாதாரண ஹிஸ்டோகிராம் இதைக் காட்டிக்கொடுக்காமலே இருந்துவிடலாம். சிவப்பு, பச்சை, நீலத்தைத் தனித்தனியே காட்டும் ஆர்ஜிபி ஹிஸ்டோகிராமைப் பார்த்து எக்ஸ்போஷரை அரை ஸ்டாப் (ஸ்டாப் என்பது ஒளியின் அளவுப் படி) குறையுங்கள், சென்சார் பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் ரா ஃபைலாக எடுங்கள். ஜேபெக்கில் போனது போனதுதான்.

லென்ஸின் முன்னால் போலரைசர் ஃபில்டரை மாட்டு, வானம் அள்ளும் என்பார்கள். 24 மி.மீ.க்கும் அகலமான லென்ஸில் மாட்டினால் வானத்தின் நடுவே கருநீலத் திட்டுதான் மிஞ்சும்.

நேரம் இன்னொரு வம்பு. யூட்டாவின் பாறை வளைவான மேசா ஆர்ச்சின் அடிப்பக்கம் தகதகப்பது சூரியன் உதித்த கொஞ்ச நேரம்தான். அங்குள்ள இன்னொரு வளைவான டெலிகேட் ஆர்ச்சுக்கோ மாலை வெயில் வேண்டும். சுற்றுலா வண்டி கொண்டுபோய் இறக்குவதென்னவோ உச்சிவெயிலில்!

உச்சிவெயில் ஒத்துவரும் இடம் பக்கத்து மாநிலமான அரிசோனாவின் குறுகலான பாறைப் பிளவு, ஆன்டெலோப் கேன்யன். சுவருக்குச் சுவர் பட்டுத் தெறித்து ஒளியே சிவந்துவிடும். அங்கே டிரைபாடுக்குத் தடை! சென்சாரின் ஒளியுணர்வைக் குறிக்கும் ஐஎஸ்ஓவை 1600க்கு ஏற்றிக் கையிலேயே பிடிக்க வேண்டியதுதான். உள்ளே லென்ஸ் மட்டும் மாற்றாதீர்கள், மேலிருந்து உதிரும் மணல் நேரே சென்சாரில் உட்காரும்.