உயரத்துல 100 கழிக்கிற கணக்கு எல்லாருக்கும் ஒத்து வராது
செ.மீ உயரத்துல 100 கழிச்சா வர்ற கிலோதான் சரியான எடைன்னு ஒரு கட்டுரையில போட்டிருக்கு, அப்போ குளச்சல் பக்கம் கரமடி வலைய கரையில நின்னு இழுக்குறவருக்கும் நாகர்கோவில் பேங்க்ல உக்காந்து வேல பாக்குறவருக்கும் ஒரே எடையா? எங்க மாமா ஒருத்தரு கடல்தொழிலு, 168 செ.மீ உயரம், 82 கிலோ, நல்ல அகலத் தோளு, மணிக்கட்டு தடிமன், வாட்ச் ஸ்ட்ராப் கடைசி ஓட்டைக்குத்தான் எட்டும், இந்த கணக்குப்படி அவரு 68க்கு வரணும். ஜிம்ல கொழுப்பு அளக்குற மெஷின்ல ஏத்திப் பாத்தா கொழுப்பு 26 சதவீதம், அதாவது 21 கிலோ சொச்சம், மிச்சம் 60 கிலோவுக்கு மேல தசை, எலும்பு, தண்ணின்னு கெடக்கு, தசை கரையாம 68க்கு எறங்கணும்னா கொழுப்பு 11 சதவீதத்துக்கு வரணும், அது போட்டிக்குப் போற பயலுவ வச்சிருக்குற அளவு, 50 தாண்டுன மனுசனுக்கு அது என்னத்துக்கு? கொழுப்பு 20 சதவீதம் இருக்கட்டும்னு வச்சு, மிச்ச 80 சதவீதமா வர்ற அந்த கொழுப்பில்லாத எடைய 0.8ஆல வகுத்தா 76 வருது, அவரு இப்போ அந்த 76ஐத்தான் குறியா வச்சிருக்காரு, மத்தியானம் மரச்சீனிய (மரவள்ளிக் கிழங்கு) கொறச்சு மீனை கூட்டியாச்சு. மெஷின் இல்லாதவன் என்ன செய்யன்னு கேட்டா, தையக்காரர் டேப் போதும்ங்க, நம்ம ஆளுகளுக்கு வயித்துச் சுற்றளவு ஆம்பளைக்கு 90, பொம்பளைக்கு 80 செ.மீ தாண்டாம பாத்துக்கணும், கை கால் ஒல்லியா தொப்பை மட்டும் வச்சிருக்குறவங்களுக்கு எடை கரெக்டா காட்டும், ஆனா சுகர் வந்து நிக்கலாம். மெஷின்ல பாக்குறதா இருந்தா எப்பவும் அதே மெஷின்ல, காலைல வெறும் வயித்துல பாருங்க, தண்ணி கூடுனா கொறஞ்சா அது வேற வேற காட்டும்.