பதினோராவது நாள்

உத்தரவாதம் முடிந்து பதினோராவது நாள் டிவியின் நடுவே பச்சைக் கோடு ஒன்று விழுந்தது. மறுநாள் அதற்குத் துணையாக இன்னொன்று. செய்தி வாசிப்பவரின் மூக்கு இப்போது இரண்டு இடத்தில் வெட்டுப்படுகிறது.

வந்த மெக்கானிக் திருகாணியைக்கூடத் தொடவில்லை. “பேனல் போய்விட்டது சார், 18,000 ஆகும்.” டிவியே 24,000தான்! பில்லை எடுத்துப் பார்த்தால் எழுத்தெல்லாம் மங்கி வெறும் வெள்ளைத் தாள். வாங்கிய தேதி மட்டும் கம்பெனியின் கணினியில் பளிச்சென்று இருக்கிறது.

உற்பத்திக் குறை என்றால் உத்தரவாதம் முடிந்த பிறகும் கேட்கலாமாம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, பிரச்சினை எழுந்த 2 ஆண்டுகளுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுக்கலாம். பொருளின் விலை 5 லட்சத்துக்குள் இருந்தால் கட்டணமும் இல்லை. நல்ல சட்டம்தான். ஆனால் குறையை நிரூபிக்க வேண்டியவன் நான். ஆய்வகத்துக்கு அனுப்பினால் அந்தச் செலவையும் முதலில் என்னையே கட்டச் சொல்லலாம்.

அம்மாவின் கிரைண்டர் இருபது வருடமாக மாவரைக்கிறது. அதன் உத்தரவாத அட்டையை யார் பார்த்தார்கள்? டிவிக்கு மட்டும் நாள்காட்டி பார்க்கத் தெரிந்திருக்கிறது. இன்று காலை மூன்றாவது கோடும் வந்துவிட்டது.