விசுவாசம் யாருக்குக் குறைந்தது?

புற்றுநோயில் இறந்த நம் சபைச் சகோதரிக்குச் சென்ற வாரம் நடந்த அந்த அடக்க ஆராதனையைப் பற்றி இங்கே விளக்கிச் சொல்லத் தேவையில்லை. நம்மில் பாதிப் பேர் அங்கே நின்றோம், மீதிப் பேர் வாட்ஸ்அப்பில் பார்த்துவிட்டீர்கள். அவளுடைய தாயும் இரண்டு பெண்பிள்ளைகளும் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்க, வெளியூரிலிருந்து வந்த அந்தச் சுவிசேஷ ஊழியர், “சகோதரி இன்னும் கொஞ்சம் விசுவாசித்திருந்தால் இன்று நம்மோடு இருந்திருப்பார்” என்று ஒலிபெருக்கியில் சொன்னார். ஒருவரும் எழுந்து மறுக்கவில்லை. சிலர் “ஆமென்” என்றும் சொன்னார்கள். அவர்களுடைய குரல் காணொளியில் தெளிவாகவே கேட்கிறது.

நான் கேட்க விரும்புவது ஒன்றுதான். அந்த “கொஞ்சம்” எவ்வளவு? அதை எந்தக் கருவியில் அளந்தார்? ரத்தத்தில் வெள்ளணு எவ்வளவு என்று ஆய்வுக்கூடத்தில் எண்ணிச் சொல்வார்கள். விசுவாசத்துக்கு அப்படி ஒரு சீட்டு அவரிடம் இருந்ததா?

இதைக் கேட்க எனக்கு உரிமை உண்டு என்று நினைக்கிறேன். என் கழுத்தில் வந்த கழலை நிணநீர்ப் புற்றுநோய் என்று பயாப்ஸியில் தெரிந்தது. அவளுக்கு வந்தது கணையத்தில். நிணநீர்ப் புற்றில் பல வகைகள் கீமோவுக்கு நன்றாகக் கட்டுப்படும், என்னுடையது அப்படிப்பட்ட ஒன்று. கணையமோ இரைப்பைக்குப் பின்னால் ஆழத்தில் கிடக்கும் உறுப்பு. முதுகுவலியும் மஞ்சள் காமாலையும் வந்து ஆள் மருத்துவரிடம் போய்ச் சேரும்போது, பெரும்பாலானோருக்கு அறுவை சிகிச்சை செய்யக்கூடிய கட்டம் தாண்டிப் போயிருக்கும். நான் உயிரோடு இருந்து இதை எழுதுவதற்கும் அவள் கல்லறைத் தோட்டத்தில் கிடப்பதற்கும் நடுவில் இருக்கும் வேறுபாடு இவ்வளவுதான். பெண்கள் ஐக்கிய சங்கத்தில் எங்கள் இருவரையும் பார்த்தவர்கள் சொல்லட்டும், ஜெபத்தில் அவள் கால்தூசி பெறுவேனா நான்? விசுவாசத்தின் அளவுப்படி ஆயுள் பங்கிடப்பட்டிருந்தால் பெட்டிக்குள் நான் அல்லவா கிடந்திருக்க வேண்டும்?

நோய் வருவதற்கு முன் நான் எப்படிப்பட்ட கிறிஸ்தவள் என்பது ஊருக்குத் தெரியும். ஞானஸ்நானப் பதிவேட்டில் பெயர் இருந்தது. பாடகர் குழுவில் ஆல்டோ பாடினேன், சபை நாளில் அசனம் என்ற பொதுவிருந்துச் சோறு வாங்கினேன், பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்தேன். வேதப்புத்தகம் அலமாரியில் பத்திரமாக இருந்தது. திருவனந்தபுரத்தில் கீமோ தொடங்கிய பிறகுதான், எனக்கு ஜெபிக்கவே தெரியாது என்பது எனக்குத் தெரிந்தது. செந்நிற மருந்து ஒன்று குழாய் வழியாகச் சொட்டுச் சொட்டாக இறங்கும், பிறகு சிறுநீரும் அதே நிறத்தில் போகும். மட்டிப்பழம்கூட இரும்பை நக்கியதுபோல இருக்கும். வெள்ளணு குறைந்து, காய்ச்சல் வந்து, திடீரென்று வார்டில் சேர்க்கப்பட்ட ஓர் இரவில், “கர்த்தாவே” என்று தொடங்கி அடுத்த சொல் வராமல் கிடந்தேன்.

பக்கத்துக் கட்டிலில் குளச்சல் பக்கத்துக் கடற்கரை ஊரைச் சேர்ந்த ஓர் அம்மா, தன் மகளுக்குத் துணையாக வந்திருந்தார். மருத்துவமனைப் போர்வையைத் தோளில் சுற்றிக்கொண்டு தரையில் அமர்ந்து ஜெபமாலை சொல்லிக்கொண்டிருந்தவர், என் முகத்தைப் பார்த்தாரோ என்னவோ, “மக்களே, ஒனக்கு வாய் வரல்லண்ணா நீ சும்மா கெட. ஒனக்குள்ளதையும் சேத்து நான் சொல்லியேன்” என்றார். சொல்லவும் செய்தார். நாங்கள் சி.எஸ்.ஐ. என்ற புராட்டஸ்டன்ட் சபையார், எங்கள் வீட்டில் ஜெபமாலை கிடையாது. மரியாளிடம் மன்றாடுவது சரியா தவறா என்று வேதபாட வகுப்பில் நான் வாதாடியதும் உண்டு. அன்றைக்கு அந்த வாதம் எதுவும் நினைவுக்கு வரவில்லை. அவருடைய விரல் ஒரு மணியிலிருந்து அடுத்த மணிக்கு நகர்வதைப் பார்த்துக்கொண்டே தூங்கிப்போனேன்.

என் விசுவாசம் தொடங்கிய இடம் அதுதான். கழலை கரைந்த பிறகு வந்த விசுவாசம் இல்லை இது. கரையுமா கரையாதா என்று மருத்துவருக்கே தெரியாதிருந்த நாட்களில், இன்னொருத்தியின் வாயால் எனக்குக் கிடைத்தது. பிறகு வேதப்புத்தகத்தில் சங்கீதம் 88-ஐ வாசித்தேன். மற்ற புலம்பல் சங்கீதங்களில் பெரும்பாலானவை அழுதுவிட்டுக் கடைசியில் துதிக்குத் திரும்பும், அதுவோ இருட்டிலேயே முடிந்துவிடுகிறது. அப்படிப்பட்ட ஒரு ஜெபத்தையும் தன் புத்தகத்தில் வைத்துக்கொண்ட ஆண்டவர் என்னையும் வைத்துக்கொள்வார் என்ற நம்பிக்கை அன்றைக்கு வந்தது. சாட்சி சொல்ல மேடைக்கு அழைப்பவர்களுக்கு இந்தச் சாட்சி பிடிப்பதில்லை. “அற்புதம் எங்கே?” என்று கேட்கிறார்கள்.

மாற்கு 2-ஆம் அதிகாரத்தை அந்த ஊழியர் வாசித்ததே இல்லையா? கப்பர்நகூமில் திமிர்வாதக்காரனை நான்கு பேர் சுமந்து வந்து, கூட்டத்தால் உள்ளே நுழைய முடியாமல், கூரையைப் பிரித்துக் கட்டிலோடு இறக்கினார்கள். “இயேசு அவர்கள் விசுவாசத்தைக் கண்டு” என்றுதான் வேதம் சொல்கிறது. சுமந்து வந்தவர்களின் விசுவாசம் அங்கே பேசப்படுகிறது. கட்டிலில் கிடந்தவன் வாயைத் திறந்ததாகவே எழுதப்படவில்லை. அப்படியானால், அளக்கத்தான் வேண்டும் என்று ஒருவர் பிடிவாதம் பிடித்தால், முதலில் யாரை நிறுத்தி அளக்க வேண்டும்? கட்டிலில் கிடந்தவளையா, கட்டிலைச் சுமக்க வேண்டிய நம்மையா?

இதற்கு என்ன பதில் வரும் என்பது எனக்குத் தெரியும். யாக்கோபு 5-ஐ எடுத்துக்கொண்டு வருவார்கள்: “விசுவாசமுள்ள ஜெபம் பிணியாளியை இரட்சிக்கும்.” நல்லது, அதற்கு முந்தின வசனத்தையும் சேர்த்து வாசியுங்கள். நோயாளி சபையின் மூப்பர்களை வரவழைக்க வேண்டும், அவர்கள் எண்ணெய் பூசி ஜெபிக்க வேண்டும். அங்கேயும் ஜெபிக்கிறவர்கள் மூப்பர்களே. அவள் வரவழைத்தாள், நம் மூப்பர்களும் போனார்கள், இந்த ஊழியரே ஒருமுறை வந்து தலையில் கைவைத்து ஜெபித்தார். குறை விசுவாசத்தில்தான் என்றால் அவருடைய கையையும் கொஞ்சம் சோதித்துப் பார்க்க வேண்டாமா? “உன் விசுவாசம் உன்னை இரட்சித்தது” என்ற வசனத்தைச் சிலர் நீட்டுவார்கள். அது குணமாகிவிட்ட ஒருத்தியிடம் சொல்லப்பட்டது, பிணத்தைச் சுற்றி அழுதுகொண்டிருந்தவர்களிடம் அல்ல. அபிஷேகம் பண்ணப்பட்டவர்களான ஊழியர்களைத் தொடாதே என்று மிரட்டுகிறவர்களுக்குப் பதில் சொல்லப்போவதில்லை.

நம் வீட்டுப் பேச்சை முகநூலில் போட்டால் வெளியார் சிரிப்பார்களே என்று ஓர் அண்ணன் தொலைபேசியில் வருத்தப்பட்டார். அவருடைய வருத்தம் நியாயமானது, மூன்று மதத்தாரும் அடுத்தடுத்த வளவுகளில் வாழும் குமரி மாவட்டம் இது. ஆனால் அண்ணா, அந்தக் காணொளியை ஊரெல்லாம் அனுப்பியவள் நானா? பதில் எழுதுகிறவள்தான் மானத்தைக் கெடுக்கிறாளா? புற்றுநோயை மந்திரத்தால் தீர்ப்பதாக விளம்பரம் செய்வதையே 1954-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று தடுக்கிறது. மார்த்தாண்டத்தில் மதில் மதிலாக ஒட்டியிருக்கும் சுகமளிக்கும் கூட்டச் சுவரொட்டிகளைப் பார்த்து வெளியார் இதுவரை சிரிக்கவே இல்லை என்றா நினைக்கிறீர்கள்?

நம் மண்ணின் வரலாறு தெரிந்தவர்கள் இப்படிப் பேசுவதுதான் எனக்கு ஆறவில்லை. மாடுகள் செத்து, பயிர் கெட்டு, மனம் உடைந்து நின்ற நட்டாலம் நீலகண்ட பிள்ளைக்கு, 1741 குளச்சல் போரில் பிடிபட்டு மார்த்தாண்ட வர்மாவிடம் வேலைக்குச் சேர்ந்திருந்த டச்சுக் கம்பெனிப் படை அதிகாரி டி லன்னாய் எடுத்துச் சொன்னது, எல்லாம் இழந்தும் கடவுளை விடாத யோபுவின் கதை. அதைக் கேட்டு 1745-இல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்றுத் தேவசகாயம் ஆனவருக்கு அதன்பின் என்ன கிடைத்தது? சிறையும் சித்திரவதையும், 1752 ஜனவரி 14 அன்று காற்றாடிமலையில் துப்பாக்கிக் குண்டும். 2022-இல் அவரைப் புனிதராக அறிவித்தபோது நாம் எல்லோரும், சி.எஸ்.ஐ.க்காரர்கள் உட்பட, நம் ஊர்க்காரர் என்று பெருமைப்பட்டோம். இன்னும் கொஞ்சம் விசுவாசித்திருந்தால் குண்டு விலகிப்போயிருக்கும் என்று காற்றாடிமலையில் போய் நின்று சொல்லிப் பாருங்கள். யோபுவிடம் வந்த நண்பர்களும் இதே கணக்கைத்தான் போட்டார்கள், நீ ஏதோ செய்திருக்கிறாய், அதனால்தான் உனக்கு இது வந்தது என்று. கடைசி அதிகாரத்தில் கர்த்தர் கோபப்பட்டது அவர்கள்மேல்தான்.

நெய்யூருக்குப் பக்கத்தில் வளர்ந்தவள் நான். 1922-இல் எவரெஸ்ட் ஏறச் சென்ற குழுவில் இருந்த டாக்டர் சாமர்வெல், திரும்பும் வழியில் நெய்யூர் மருத்துவமனையைப் பார்க்க வந்து, காத்துக்கிடந்த நோயாளிகளின் கூட்டத்தைக் கண்டு, லண்டன் வாழ்க்கையை விட்டு இங்கே வேலை செய்ய வந்துவிட்டார். அவர் கையில் இருந்தது கத்தி, மனதில் இருந்தது விசுவாசம். இரண்டும் சண்டை போட்டதாக எங்கள் பாட்டிமார் யாரும் சொல்லிக் கேட்டதில்லை. மருந்துதானே காப்பாற்றியது, கடவுளுக்கு ஏன் நன்றி என்று கேட்கும் நாத்திக நண்பர்களுக்கும் அதையே சொல்லிக்கொள்கிறேன். மருந்துதான் காப்பாற்றியது, ஐயா. நான் நன்றி சொல்வது வேறு காரியத்துக்காக. அதை மேலே எழுதிவிட்டேன்.

எழுத வேண்டாம் என்று நினைத்த ஒன்றையும் எழுதிவிடுகிறேன். எனக்கு முடி கொட்டிக் கிடந்த நாட்களில் சிலர் பழப்பையோடு வந்து, கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, “அறிக்கை செய்யாத பாவம் ஏதாவது உண்டா, யோசித்துப் பாருங்கள் டீச்சர்” என்றார்கள். ஒருவர் எங்கள் வீட்டுப் பழைய மதில் வழக்கை எடுத்து, தம்பியோடு சமாதானம் ஆகாததால்தான் கழலை கரையவில்லை என்றார். (கரைந்துவிட்டது. வழக்கு இன்னும் நடக்கிறது.) பிறவிக்குருடனைப் பார்த்து யார் செய்த பாவம் என்று சீஷர்கள் கேட்டபோது, இவனும் இல்லை, இவனைப் பெற்றவர்களும் இல்லை என்று ஆண்டவர் ஒரே வரியில் முடித்துவிட்டார். ஈராயிரம் ஆண்டு ஆன பிறகும் அந்தக் கேள்வியைத் தூக்கிக்கொண்டு பழப்பையோடு வீடு வீடாகப் போகிறோம். அவர்கள் போன பிறகு நான் சுவர்ப்பக்கம் திரும்பிக் கிடந்ததை என் மகன் மட்டும்தான் பார்த்தான். குணமான பிறகு அதே ஆட்கள் என்னைச் சாட்சி சொல்லக் கூப்பிட்டார்கள், கேட்காமலே என் படத்தைச் சுவரொட்டியில் போட்டார்கள். பிழைத்தால் ஊழியத்தின் வெற்றி, செத்தால் நோயாளியின் குறை. இது என்ன கணக்கு? முப்பது வருடம் கணக்கு எடுத்தவளுக்கு இது விளங்கவில்லை.

ஜெபிக்க வேண்டாம் என்று நான் சொன்னதாகத் திரிக்காதீர்கள். குணமாகும்படி ஜெபியுங்கள், உபவாசம் இருங்கள், எண்ணெய் பூசுங்கள், நானும் வருகிறேன். குணமாகவில்லை என்றால் அந்த வீட்டுக்குப் போய், கட்டிலில் கிடந்தவளுக்குத் தீர்ப்பு எழுதாதீர்கள். தன்னோடு பயணம் செய்த துரோப்பீமுவை வியாதிப்பட்டவனாக மிலேத்து பட்டணத்தில் விட்டுவந்தேன் என்று பவுல் எழுதுகிறார். அவனுக்கு விசுவாசம் போதவில்லை என்று அவர் ஒரு வார்த்தை சேர்க்கவில்லை.

அவளுடைய மூத்த மகளுக்கு இது பன்னிரண்டாம் வகுப்பு. தாயின் மருத்துவமனை அலைச்சலில் பாடம் நிறைய விட்டுப்போயிருக்கிறது. கணக்கை நான் பார்த்துக்கொள்கிறேன், சனிக்கிழமை காலையில் வீட்டுக்கு வரச் சொல்லியிருக்கிறேன். இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் ஆள் வேண்டும். இளையவளைப் பள்ளிக்கூடத்தில் கொண்டுவிட்டுக் கூட்டிவர ஒருவர் வேண்டும், அவர்களுடைய அப்பாவுக்கு விடியற்காலையில் ரப்பர் பால்வெட்டு வேலை. திங்கள்சந்தைப் பக்கம் இருப்பவர்கள், “ஆமென்” சொன்னவர்கள் உட்பட, உள்பெட்டியில் சொல்லுங்கள்.