ஸ்க்ரோல் எல்லாம் விசார்டுக்கே என்றால் நான் எதற்கு?

சனிக்கிழமை ராத்திரி நம் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆட்டத்தில் (கதைப் பாத்திரங்களாக மாறி ஆடும் விளையாட்டு) நடந்ததை முழுக்க விவரிக்கப் போவதில்லை. மேஜையில் இருந்தவர்களுக்குத் தெரியும், மற்றவர்கள் குரூப்பில் ஓடிய மீமைப் பார்த்திருப்பீர்கள். "சோர்சரர் என்றால் படிக்காமல் பாஸ் ஆன விசார்ட்." என் பாத்திரம் சோர்சரர், மந்திரம் ரத்தத்திலேயே வந்தவன்; விசார்ட் புத்தகம் படித்துக் கற்றவன். சிரிப்பு எமோஜி குவிந்து கிடக்கிறது. நானும் ஒன்று போட்டேன். சிரிக்கத் தெரியாதவன் என்று பெயர் வாங்க வேண்டாமே.

எனக்கு உறைத்தது மீம் இல்லை. ஆட்டத்தில் ஒரு கல்லறையில் கிடைத்த ஃப்ளை ஸ்க்ரோலை (பறக்கும் மந்திரச் சுருள்) நான் கேட்டபோது வந்த பதில். "உனக்குக் கொடுத்தால் ஒரு தடவையோடு போச்சு. விசார்டிடம் கொடுத்தால் புத்தகத்தில் எழுதிக்கொள்வான், காலத்துக்கும் நிற்கும்." மொத்த மேஜையும் தலையாட்டியது. எழுத ஆகும் 150 தங்கக் காசும் பொதுப் பையிலிருந்து போனது.

கணக்கு சரி. நூற்றுக்கு நூறு சரி. அதைத்தானே நானும் சொல்கிறேன்! எது கிடைத்தாலும் விசார்டிடம் கொடுப்பதுதான் புத்திசாலித்தனம் என்று விதியே ஆக்கி வைத்திருந்தால், கோளாறு என் ஆட்டத்திலா, விதியிலா?

சமநிலை என்று வாயெடுத்தாலே எல்லோரும் டேமேஜ் கணக்குக்குப் போய்விடுகிறீர்கள். ஃபயர்பாலை யார் போட்டாலும் எட்டு ஆறுமுக டைஸ்தான் (முருகன் மன்னிக்கட்டும்). நான் பேசுவது அதைப் பற்றி இல்லை. கையில் எத்தனை ஸ்பெல் (மந்திரம்) இருக்கிறது, அதை எப்போது மாற்றலாம் என்பதைப் பற்றி. நாம் ஆடுவது 2014 விதிப்புத்தகம். 7ஆம் லெவலில் எனக்குத் தெரிந்தது 8 ஸ்பெல். அதே லெவல் விசார்டின் புத்தகத்தில் ஸ்க்ரோல் ஒன்றுகூடக் கிடைக்காவிட்டாலும் 18 இருக்கும். தினம் காலையில் அதிலிருந்து 11 எடுத்துக்கொள்கிறான், நாளைக்கு வேறு 11. நான் ஒன்றை மாற்ற வேண்டுமென்றால் அடுத்த லெவல் வரை காத்திருக்க வேண்டும். 20ஆம் லெவல் போனாலும் எனக்கு 15தான். அவனுக்குக் குறைந்தது 44.

"உனக்குத்தான் சோர்சரி பாயின்ட் இருக்கிறதே!" வரும் என்று தெரியும். தயவுசெய்து ஒரு பேனாவை எடுங்கள். 7ஆம் லெவலில் 7 பாயின்ட். எல்லாவற்றையும் ஸ்லாட்டாக (ஒரு மந்திரம் போடும் வாய்ப்பு; இதன் லெவல் மந்திரத்தின் தரம்) மாற்றினால் 3ஆம் லெவல் ஸ்லாட் ஒன்று, 1ஆம் லெவல் ஸ்லாட் ஒன்று. அதோடு கஜானா காலி, அந்தப் பாயின்டால் மந்திரத்தை வளைத்துப் போடும் மெட்டாமேஜிக் அன்றைக்குக் கிடையாது. விசார்ட் என்ன செய்கிறான்? ஒரு மணி நேரம் ஷார்ட் ரெஸ்ட் எடுத்து எழுகிறான். ஆர்கேன் ரெகவரியில் அதே 3ஆம் லெவல் ஒன்று, 1ஆம் லெவல் ஒன்று, சும்மா வந்துவிடுகிறது. ஒரு நாளுக்கு ஒரு தடவைதான் என்பீர்கள். என் 7 பாயின்டும் ஒரு நாளுக்கு ஒரு தடவைதான்.

பழைய கதை தெரியாமல் இதைப் பேசினால் புரியாது. சோர்சரர் வகுப்பு வந்ததே 2000இல், மூன்றாம் பதிப்பில். அப்போது விசார்ட் காலையிலேயே எந்த ஸ்லாட்டில் எந்த ஸ்பெல் என்று அடைத்து வைக்க வேண்டும். இரண்டு ஃபயர்பால் வேண்டுமென்றால் இரண்டு தடவை அடைக்க வேண்டும். சோர்சரருக்குத் தெரிந்தது கொஞ்சம், உயர் ஸ்பெல்கள் ஒரு லெவல் தாமதமாகத்தான் வரும். ஆனால் அந்தக் கொஞ்சத்தை நினைத்த நேரத்தில், நினைத்தபடி, அவனைவிட அதிக தடவை போடலாம். அது ஒரு நியாயமான ஒப்பந்தம். 2014இல் என்ன செய்தார்கள்? நினைத்த நேரத்தில் போடும் வசதியை விசார்டுக்கும் கொடுத்தார்கள், ஸ்லாட் எண்ணிக்கையையும் சமமாக்கினார்கள். அவனுடைய புத்தகத்தில் மட்டும் யாரும் கைவைக்கவில்லை. தம்பி பேரில் இருந்த ஒரே மனையைப் பொதுவாக்கிவிட்டு, அண்ணன் தோப்பை அண்ணன் பேரிலேயே விட்டால் அதற்குப் பெயர் பாகப்பிரிவினையா?

வாட்டர் பிரீதிங் (தண்ணீருக்குள் மூச்சுவிடும் மந்திரம்) கதையை இங்கே பலருக்குச் சொல்லியிருக்கிறேன், இருந்தாலும் சொல்கிறேன். முந்தைய கேம்பெய்னில் (தொடர்கதை ஆட்டம்) டி.எம். (ஆட்டத்தை நடத்துபவர்) கடல் பயணம், மூழ்கிய கோவில் என்று ஆசை காட்டிக்கொண்டே இருந்தார். 5ஆம் லெவலில் எனக்குக் கிடைத்த ஒரே புது ஸ்பெல்லாக அதை எடுத்தேன். ஃபயர்பாலை விட்டுவிட்டு. அப்புறம் எங்கள் குழு மலைப்பக்கம் திரும்பியது. மாதக்கணக்கில் பனியிலும் பாறையிலும் அந்த ஸ்பெல்லைச் சுமந்துகொண்டு அலைந்தேன். கடைசியில் ஒரு வழியாக நிலத்தடி ஆறு வந்தது. நான் வாயைத் திறப்பதற்குள் விசார்ட், "பத்து நிமிஷம் கொடுங்கள், ரிச்சுவலாகப் போட்டுவிடுகிறேன், ஸ்லாட்டை வீணாக்காதே" என்றான். அன்று காலை அவன் அதைத் தயார் செய்யக்கூட இல்லை. புத்தகத்தில் எழுதி இருந்தால் போதுமாம். சோர்சரருக்கு இப்படி ஸ்லாட் செலவில்லாமல் போடும் ரிச்சுவல் வசதியே கிடையாது.

"தப்பான ஸ்பெல்லை எடுத்தது உன் குற்றம்" என்று அன்றே ஒருவர் சொன்னார். அதே தப்பை விசார்ட் செய்தால் மறுநாள் காலையில் சரியாகிவிடும். எனக்கு மட்டும் மாதக்கணக்கில் தண்டனை.

சரி, சோர்சரருக்குக் கான்ஸ்டிட்யூஷன் சேவ் (உடல் தாங்குகிறதா என்று பார்க்கும் உருட்டல்) நன்றாக இருக்கும், ஒப்புக்கொள்கிறேன். வாய் திறக்காமல், கை அசைக்காமல் மந்திரம் போடும் சப்டில் ஸ்பெல் அருமைதான், ராஜசபைக் காட்சி வந்தால். நமக்கு எப்போது ராஜசபை வந்தது?

"2024 புத்தகத்தில் எல்லாம் சரிசெய்துவிட்டார்களே, ஏன் புலம்புகிறாய்?" இந்தக் கேள்விதான் எனக்கு மிகவும் பிடித்தது. ஆமாம், 20ஆம் லெவலில் 15ஆக இருந்ததை 22 ஆக்கினார்கள், பெரும்பாலான சோர்சரர் வம்சங்களுக்குக் கூடுதல் ஸ்பெல் வைத்தார்கள். ஒன்றும் கோளாறு இல்லையென்றால் ஏன் சரிசெய்தார்கள்? பத்து வருஷமாக "உனக்கு ஆடத் தெரியவில்லை" என்று சொன்னவர்கள், புதுப் புத்தகம் வந்ததும் "அதான் சரியாகிவிட்டதே" என்கிறார்கள். நடுவில் ஒருவராவது "நீ சொன்னது சரிதான்" என்று சொல்லியிருக்கலாம்.

போன மாதம் பாலத்துச் சண்டையில் ஃபைட்டருக்கும் ரோகுக்கும் சேர்த்து ஹேஸ்ட் (வேகமாக்கும் மந்திரம்) போட்டேன். ஒரே மந்திரத்தை இரண்டு பேருக்குப் போடும் ட்வினுக்கு 3 பாயின்ட். அடி பட்டு என் கான்சென்ட்ரேஷன் (கவனம்) உடைந்தால் இரண்டு பேரும் ஒரு சுற்று அசையாமல் நிற்க வேண்டும். அதனால் சண்டை முழுக்கத் தூணுக்குப் பின்னால் குனிந்தபடி, அடி விழாமல் பார்த்துக்கொண்டேன். முடிந்ததும் ஃபைட்டர் கொண்டாடப்பட்டார், ரோக் கொண்டாடப்பட்டார். குரூப்பில் போட்ட சுருக்கத்தில் என் பெயர் இல்லை. இதற்கும் சமநிலைக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். சம்பந்தம் இருக்கிறது. எல்லாப் பூட்டுக்கும் சாவி வைத்திருப்பவன் ஒருவன் மேஜையில் இருந்தால், "உன்னிடம் என்ன இருக்கிறது?" என்று மற்றவனிடம் யாரும் கேட்பதே இல்லை.

"வெறும் விளையாட்டுதானே" என்பவர்கள், வெறும் விளையாட்டுக்கு ஏன் ஒரு ஸ்க்ரோலைக்கூட விட்டுத்தர முடியவில்லை என்று முதலில் சொல்லட்டும். "அப்போ நீயும் விசார்ட் எடுத்துக்கோ" என்பவர்களுக்குப் பதில் சொல்வதாக இல்லை.

டி.எம். இதைப் படிப்பார் என்று தெரியும். சார், பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. 2020இல் வந்த டாஷா என்ற துணை விதிப்புத்தகத்தில் க்ளாக்வொர்க் சோல் என்ற சோர்சரர் வம்சத்துக்காரனுக்குக் கூடுதலாக 10 ஸ்பெல் கொடுத்தார்களே, என் டிராகன் ரத்தக்காரனுக்கும் அதேபோல் ஒரு பட்டியல் போட்டுக் கொடுங்கள். நீங்களே தேர்ந்தெடுங்கள், வாட்டர் பிரீதிங்கைச் சேர்த்தாலும் வாங்கிக்கொள்கிறேன். முடியாது என்றால் இங்கேயே கமெண்டில் சொல்லிவிடுங்கள். தனியாக வாட்ஸப்பில் வந்து சமாதானம் பேச வேண்டாம்.