அபுஜாவில் முடிவு, பெனினுக்கு அடி

வட்டாரக் கூட்டமைப்பில் சேர்ந்தால் சின்ன நாடு பிழைத்துக்கொள்ளும் என்று யாராவது சொன்னால், பெனினைப் பாருங்கள் என்பேன்.

இருபது கோடிக்கும் மேல் மக்கள் வாழும் நைஜீரியாவை ஒட்டி ஒல்லியாகக் கிடக்கும் மேற்கு ஆப்பிரிக்க நாடு. 1975இல் மேற்கு ஆப்பிரிக்க நாடுகளின் பொருளாதாரக் கூட்டமைப்பான எக்கோவாஸ் தொடங்கியபோதே இரண்டும் உறுப்பினர்கள். 2019 ஜூலையில் கண்டம் முழுவதற்குமான தடையற்ற வணிக ஒப்பந்தத்தில், நியாமி மாநாட்டில், இரண்டும் ஒரே நாளில் கையெழுத்துப் போட்டன. ஆகஸ்டிலேயே நைஜீரியா தரை எல்லையை மூடிவிட்டது. திறக்க 2020 டிசம்பர் ஆயிற்று. எக்கோவாஸின் தலைமையகம் இருப்பதே நைஜீரியத் தலைநகர் அபுஜாவில். யார் கேட்பது?

நைஜீரியா பக்கம் நியாயமே இல்லை என்று சொல்ல மாட்டேன். இந்தியாவிலிருந்தும் தாய்லாந்திலிருந்தும் பெனினின் கோட்டோனு துறைமுகத்தில் வந்திறங்கும் புழுங்கல் அரிசியில் கணிசமான பங்கு, திருட்டுத்தனமாக எல்லை தாண்டி நைஜீரியச் சந்தைக்குப் போகும். அங்கே தரைவழி அரிசி இறக்குமதிக்கே தடை. 2023இல் நைஜீரியா மானியத்தை நீக்கும்வரை அந்தப் பக்கத்திலிருந்து மானிய விலை பெட்ரோல் வந்து பெனின் சாலையோரங்களில் பாட்டிலில் விற்றது. இந்த ஓட்டையில் பெனின் அரசுக்கும் சுங்க வருமானம் இருந்தது. சரி, கடத்தலைத் தடுக்கட்டும். ஆனால் அல்லாடா பக்கத்து அன்னாசி விவசாயி என்ன செய்தார்? சொந்த மண்ணில் விளைந்த பழம், ஒப்பந்தப்படி தாராளமாகப் போகவேண்டிய சரக்கு. அதற்கும் சேர்த்துத்தான் கேட்டை இழுத்துச் சாத்தினார்கள்.

அது பெரியவர் ஒப்பந்தத்தை மதிக்காததால் விழுந்த அடி. அடுத்தது, கூட்டமைப்பு சொன்னதை பெனின் கேட்டதால் விழுந்தது. 2023 ஜூலையில் வடக்கே உள்ள இன்னொரு அண்டை நாடான நைஜரில் ராணுவம் ஆட்சியைப் பிடிக்க, எக்கோவாஸ் தடை விதித்தது. பெனினும் எல்லையை அடைத்தது. கடலே இல்லாத நைஜருக்குக் கோட்டோனுதான் முக்கிய வாசல். 2024 பிப்ரவரியில் தடை நீங்கிய பிறகு பெனின் திறந்தது, நைஜர் திறக்கவில்லை. பெனினில் பிரெஞ்சுப் படைத்தளம் இருக்கிறது என்றது, பெனின் மறுத்தது. அதற்குள் சரக்கு டோகோவின் லோமே துறைமுகத்துக்கு மாறிவிட்டது. 2025 ஜனவரியில் மாலி, புர்கினா பாசோவுடன் நைஜர் எக்கோவாஸை விட்டே வெளியேறியது. நைஜரை ஒட்டிய மலன்வில் எல்லையில் லாரிகளை நம்பிப் பிழைத்தவர்களுக்கு யார் பதில் சொல்வது?

வரி விகிதத்தைப் பற்றி நூறு பக்கம் எழுதுபவர்கள் இரண்டு விதிகளையாவது கறாராக நடைமுறைப்படுத்தட்டும்: சொல்லாமல் கொள்ளாமல் எல்லையை மூடினால் அபராதம்; கூட்டாகத் தடை போட்டால் நஷ்டத்தையும் கூட்டாகச் சுமப்பது.

பெனின் இப்போது குளோ-ஜிக்பே தொழிற்பேட்டையில் தன் பருத்தியைத் தானே துணியாக்கப் பார்க்கிறது. 2024இல் உடைக்காத முந்திரிக்கொட்டை ஏற்றுமதியையும் நிறுத்தியது. அண்டை நாட்டு லாரிகளையே நம்பிக் கிடப்பதற்கு இது எவ்வளவோ மேல் என்றே நினைக்கிறேன். கொட்டை விற்கும் விவசாயிக்கு நல்ல விலை கிடைக்கிறதா என்பது தனிக் கதை, அதை இன்னொரு நாள் எழுதுகிறேன்.