உண்டியலில் விழுந்த காசுக்கும் வரியா?

போன வாரம் ஒரு நண்பரோடு வாக்குவாதம். "பெட்ரோல் போடும்போது எல்லாரும்தான் வரி கட்டுகிறோம். அறக்கட்டளை என்று பெயர்ப்பலகை மாட்டிக்கொண்டால் மட்டும் எதற்கு விலக்கு?" என்றார். பிரிட்டனில் ஏர் ஆம்புலன்ஸும் உயிர்காப்புப் படகும் நடத்துகிற அறக்கட்டளைகளைப் பற்றிய பேச்சு அது. அவர் கேட்டபோது எனக்குச் சரியாகப் பதில் வரவில்லை. வழக்கம்போல வீட்டுக்கு வந்த பிறகுதான் எல்லாம் தோன்றியது. அதனால் இந்தப் பதிவு.

இங்கிலாந்தில் ஏர் ஆம்புலன்ஸை அரசாங்கம்தான் நடத்துகிறது என்று நினைப்பவர்கள் நிறையப் பேர். உண்மை வேறு. கார்ன்வாலில் 1987-இல் முதல் சேவை தொடங்கியது. லண்டனில் 1989-இல். இன்றைக்கும் பெரும்பாலும் மக்கள் தரும் காசில்தான் பறக்கின்றன: உண்டியல், லாட்டரிச் சீட்டு, பழைய துணி விற்கும் கடை, யாரோ ஒரு பாட்டி உயிலில் எழுதிவைத்த தொகை. கடலுக்கு ஆர்.என்.எல்.ஐ. என்ற உயிர்காப்புப் படகு அறக்கட்டளை இருக்கிறது. 1824-இல் பிறந்தது, இருநூறு வயது தாண்டிவிட்டது, படகில் போகிறவர்களில் மிகப் பெரும்பாலோர் சம்பளம் வாங்காத தன்னார்வலர்கள். மலை மீட்புக் குழுக்களும் அப்படித்தான். அரசு செய்திருக்க வேண்டிய வேலையை ஊர் மக்கள் சேர்ந்து செய்கிறார்கள் என்று சொன்னால் மிகையில்லை.

சரி, வரிக்கு வருவோம். நண்பர் "வரி" என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டார். எரிபொருளில் இருப்பது இரண்டு வரி. ஒன்று லிட்டருக்கு இவ்வளவு என்று வாங்கும் எரிபொருள் தீர்வை. இன்னொன்று மொத்த விலையின் மேல் 20 சதவீதம் வாட் என்கிற மதிப்புக் கூட்டு வரி. தீர்வையையும் சேர்த்த விலைக்குத்தான் வாட் போடுகிறார்கள், அதாவது வரிக்கும் வரி.

வாட் எப்படி வேலை செய்கிறது என்று பார்த்தால்தான் வேடிக்கை தெரியும். ஒரு வியாபாரி தன் தொழிலுக்கு எரிபொருள் வாங்கினால், கட்டிய வாட்டைத் தன் வாடிக்கையாளரிடம் வாங்கும் வாட்டில் கழித்துக்கொள்வார். கடைசியில் சுமப்பது பொருளை நுகர்பவர்தான். ஆனால் இலவசமாகச் சேவை செய்கிறவருக்கு வாடிக்கையாளரே கிடையாது. ரசீது போட ஆள் இல்லை, கழித்துக்கொள்ள வழியும் இல்லை. சட்டத்தின் கண்ணில் அவர் செய்வது தொழிலே அல்ல. எனவே முழுச் சுமையும் அவர் தலையில். மூழ்குகிறவரைக் கரைசேர்த்துவிட்டு "இந்தாங்க பில்" என்று நீட்டாததற்கு ஒரு அபராதம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

விமான நிறுவனங்களைப் பாருங்கள். பத்துப் பேரோ அதற்கு மேலோ ஏற்றக்கூடிய விமானத்தில் பயணிகளைக் கொண்டுபோனால், அந்தச் சேவைக்கு வாட் விகிதம் பூஜ்யம். விகிதம் பூஜ்யமென்றாலும் அது சட்டத்தின் கண்ணில் தொழில்தான், அதனால் எரிபொருளுக்குக் கட்டிய வாட் அவர்களுக்குத் திரும்பி வந்துவிடும். வணிக விமானங்கள் எரிக்கும் மண்ணெண்ணெய்க்குத் தீர்வையும் இல்லை. கடற்கரையில் வெயில் காயப் போகிறவரின் விமானம் வரியில்லாமல் பறக்கிறது. நெடுஞ்சாலையில் அடிபட்டுக் கிடப்பவரைத் தூக்க வந்த ஹெலிகாப்டர் பல வருஷம் வாட் கட்டியது. என் நண்பரிடம் இதை அன்றைக்கே சொல்லியிருக்கலாம்!

அரசு தன்னிடமே எப்படி நடந்துகொள்கிறது என்பதும் முக்கியம். போலீஸ், தீயணைப்பு, உள்ளாட்சி அமைப்புகள் கட்டும் வாட்டைத் திருப்பிக் கொடுக்க 1994-ஆம் வருஷத்து வாட் சட்டத்திலேயே ஒரு பிரிவு இருக்கிறது. உள்ளாட்சிகளோடு ஒட்டிய அமைப்புகளுக்கென்று எழுதிய பிரிவு அது. 2013-இல் ஸ்காட்லாந்து தன் வட்டாரக் காவல் படைகளை ஒன்றாக்கித் தேசியப் படை ஆக்கியது, தீயணைப்பையும் அப்படியே. உடனே இரண்டும் அந்தப் பிரிவுக்கு வெளியே போய்விட்டன. தீயணைப்பு வண்டி வரி கட்டுவதா என்று ஒரே கூச்சல். 2018 மார்ச்சில் சலுகையைத் திரும்பக் கொடுத்தார்கள். அரசு வண்டிக்கு அநியாயம் என்று தெரிந்தது, உண்டியல் வண்டிக்கு மட்டும் எப்படி நியாயமாகும்?

ஏர் ஆம்புலன்ஸ் எரிபொருளுக்கு வாட்டை நீக்கச் சொல்லி ஒரு லட்சம் பேருக்கு மேல் கையெழுத்துப் போட்டு, 2012-இல் நாடாளுமன்றத்தின் காமன்ஸ் அவையில் விவாதம் நடந்தது. ஐரோப்பிய ஒன்றிய விதி இடம் தராது என்பது அப்போதைய பதில். நீக்கத்தான் முடியாது, திருப்பிக் கொடுக்கலாமே என்று யோசிக்க இரண்டு வருஷம் ஆயிற்று. 2014 பட்ஜெட்டில் நிதியமைச்சர் ஜார்ஜ் ஆஸ்போர்ன் ஏர் ஆம்புலன்ஸ்களுக்கும் கரையோர மீட்புப் படகுகளுக்கும் எரிபொருள் வாட்டில் நிவாரணம் அறிவித்தார். 2015 ஏப்ரல் 1 முதல் ஏர் ஆம்புலன்ஸ், தேடல்-மீட்பு அறக்கட்டளைகள், ராத்திரியில் மருத்துவமனைகளுக்கு ரத்தம் கொண்டுபோகும் மோட்டார் சைக்கிள் குழுக்கள் எல்லாம் வாட்டைத் திரும்பப் பெறலாம் என்று சட்டமே வந்தது.

அப்புறம் என்ன, பிரச்சினை தீர்ந்ததே என்பீர்கள். தீரவில்லை. திரும்பி வருவது வாட் மட்டும். சாலையில் ஓடும் வண்டியின் தீர்வை அப்படியே நிற்கிறது. 2022 மார்ச்சில் 5 பென்ஸ் குறைத்தார்கள், குறைத்த பிறகும் அன்று லிட்டருக்கு 52.95 பென்ஸ் இருந்தது. மலை மீட்பு ஜீப்பும் ரத்தம் சுமக்கும் பைக்கும் தீர்வையைக் கட்டுகின்றன. சிவப்பு டீசல் என்று தீர்வை குறைந்த சாயம் போட்ட டீசல் ஒன்று உண்டு. 2022 ஏப்ரலில் அதை யார் பயன்படுத்தலாம் என்ற பட்டியலைக் கடுமையாகச் சுருக்கினார்கள். சுருக்கிய பட்டியலில் தப்பிப் பிழைத்தவர்களில் கோல்ஃப் மைதானத்தில் புல் வெட்டுகிறவர்களும் உண்டு. சாலையில் போகாத வண்டிக்குத்தான் அந்தச் சலுகை என்று ஒரு தர்க்கம் இருப்பது எனக்கும் தெரியும். தெரிந்தும் சிரிப்பு வருகிறது.

நண்பர் பக்கமும் நியாயம் இல்லாமல் இல்லை. ஒருவருக்கு விலக்கு கொடுத்தால் அடுத்தவர் வரிசையில் நிற்பார். முதியோருக்குச் சாப்பாடு கொண்டுபோகும் வேன் மட்டும் சேவை இல்லையா என்று கேட்டால் என்னிடம் சுத்தமான பதில் இல்லை. எங்கோ ஒரு கோடு போட்டுத்தான் ஆக வேண்டும். நான் போடுவது இங்கே: எரிபொருள் வரிக்கு ஒரு நோக்கம் குறைவாக எரிக்கவைப்பது. விலை ஏறினால் நானும் நீங்களும் ஒரு பயணத்தைத் தள்ளிப்போடுவோம். அவசர அழைப்புக்குத் தள்ளிப்போடுகிற வசதி கிடையாது. அந்த இடத்தில் வரியால் யாருடைய நடத்தையும் மாறப்போவதில்லை.

வரி வாங்கிவிட்டு மானியமாகக் கொடுக்கலாமே என்றும் கேட்டார். மானியம் அமைச்சர் மனதைப் பொறுத்தது. ஆர்.என்.எல்.ஐ. 1854 முதல் 1869 வரை அரசு மானியம் வாங்கிப் பார்த்துவிட்டு, வேண்டாம் என்று விட்ட அமைப்பு. கை நீட்டாமல் இருக்க விரும்புகிறவர்களிடமிருந்து பிடுங்காமல் இருந்தாலே போதும்.

முறைகேடு நடக்கும் என்ற பயத்துக்கு ஆஸ்திரேலியாவில் எளிய வழி வைத்திருக்கிறார்கள். பம்பில் எல்லாரும் ஒரே விலைதான் கொடுக்கிறார்கள். அவசர வண்டி, படகு என்று பார்த்தாலே தெரிகிற ஊர்திகளை நடத்தும் லாப நோக்கற்ற அமைப்பு, எரித்த லிட்டருக்குக் கணக்குக் காட்டித் தீர்வையைத் திரும்பப் பெறுகிறது. ஜிஎஸ்டி பதிவுகூட அவசியமில்லை. பிரிட்டனில் வாட்டைத் திருப்பிக் கொடுக்கும் கணக்கு ஏற்கெனவே ஓடுகிறது, அதே படிவத்தில் இன்னொரு கட்டம் சேர்த்தால் தீர்வையும் அடங்கிவிடும்.

ஒன்று மட்டும் எனக்கு இன்னும் பிடிபடவில்லை. அழைப்பு வந்ததும் தன்னார்வலர் படுக்கையிலிருந்து எழுந்து, படகுத் துறைக்கோ மலையடிவாரத்துக்கோ தன் சொந்தக் காரில்தான் போகிறார். அது அவசர வண்டி இல்லை, அறக்கட்டளையின் வண்டியும் இல்லை. அந்த லிட்டரை எந்தப் படிவத்தில் எழுதுவது? வரித்துறை வேலை தெரிந்தவர்கள் யாராவது இருந்தால் கீழே சொல்லுங்கள்.