கம்பளைக்காலக் கோயில்களுக்குப் போகிறவர்கள் போட்டோவோடு திரும்பாதீர்கள்

மகாவலிக் கரையில் கம்பளை தலைநகராக இருந்த காலத்தில் எழுந்தவை எம்பக்க, லங்காதிலக, கடலாதெனிய. கண்டிக்கு வரும் நம் ஆட்கள் தலதா மாளிகை, பேராதனைப் பூங்காவோடு திரும்பிவிடுகிறார்கள். எம்பக்கவில் மரம், லங்காதிலகவில் செங்கல், கடலாதெனியவில் கருங்கல் என்று மூன்று விதக் கட்டுமானத்தையும் ஒரே நாளில் நடந்தே பார்க்கலாம். எம்பக்கவில் தொடங்கி, லங்காதிலக வழியாகக் கடலாதெனியவில் முடித்தால் பிலிமத்தலாவையில் கண்டி பஸ் கிடைக்கும்.

எம்பக்க கதிர்காமக் கடவுளின் தேவாலயம். எல்லாரும் மேள மண்டபத் தூண்களின் இரட்டைத் தலைக் கழுகையும் அன்னப் பின்னலையும் படமெடுப்பார்கள். அண்ணாந்து கூரையையும் பாருங்கள். முகப்புச் சரிவில் 26 கைமரங்கள் ஒரே மர ஆணியில் வந்து கூடுகின்றன. 'மடொல் குருபாவ' என்பது அதுதான். செதுக்கலைத் தடவாதீர்கள், கைப்பிசுக்கு ஏறி மரம் கறுக்கும்.

லங்காதிலகவுக்குக் காலையிலேயே போய்விடுங்கள். விகாரை கிழக்குப் பார்த்தது. அதைக் கட்டிய ஸ்தபதி ராயரும் கடலாதெனியவைக் கட்டிய கணேஸ்வராச்சாரியும் தென்னிந்தியச் சிற்பிகள். இரண்டும் 1344ஆம் ஆண்டு, நான்காம் புவனேகபாகு காலத்தவை. புத்தர் சிலையை வணங்கியதும் இறங்கிவிடாதீர்கள். மேற்கு வாசலால் போனால் கணபதி, கந்தகுமாரர், விபீஷணர் சந்நிதிகள் இருக்கின்றன. வெளியே பாறையில் சிங்களக் கல்வெட்டோடு தமிழ்க் கல்வெட்டும் உண்டு. அதைத் தேடிப் பார்க்காமல் திரும்பும் தமிழர்களை நினைத்தால் மனசு கனக்கிறது. உச்சி வெயிலில் எழுத்து தெரியாது, சாய்வெயிலில்தான் நிழல் விழுந்து துலங்கும். சோக்கால் தீட்டவோ தண்ணீர் ஊற்றவோ வேண்டாம்.

இந்தக் கட்டடங்களின் அறிவெல்லாம் மழையைக் கையாளுவதில்தான். கண்டியக் கூரை மேலே செங்குத்தாக இறங்கித் தண்ணீரை விரட்டும், கீழே சரிவு குறைந்து இறவாணத்தைச் சுவருக்கு வெகுதூரம் வெளியே தள்ளும். ஓர் ஓடு உடைந்தாலும் கைமரத்தின் நுனி ஊறும், பிறகு கறையான் வரும். ஆகவே மழைக்கு முன்பே ஓடு மாற்ற வேண்டும்.

பழைய செங்கல் சுவரில் சீமெந்து பூசுவதுதான் எனக்குப் பெரிய கோபம். சுண்ணாம்புப் பூச்சு சுவரின் ஈரத்தை வெளியே விடும். சீமெந்து விடாது. ஈரம் உள்ளே தங்கி, உப்பு பூத்து, பூச்சு உப்பி விழும்போது செங்கல்லின் மேற்பரப்பையும் பிய்த்துக்கொண்டு போகும். உங்கள் தோட்டத்துப் பழைய கோயிலுக்கும் இதே கதிதான். திருப்பணிக் கமிட்டியில் இருப்பவர்கள் மேசனிடம் சுண்ணாம்புச் சாந்துதான் வேண்டும் என்று அடித்துச் சொல்லுங்கள்.

கடலாதெனிய போன்ற கல் கட்டடத்தில் ஆபத்து வேறு. கல் இடுக்கில் ஓர் அரசங்கன்று முளைத்தால் போதும். வேர் பருத்துவிட்டால் இழுத்துப் பிடுங்கக் கூடாது, கல்லும் சேர்ந்து அசையும். கண்டவுடன் அங்குள்ள பொறுப்பாளரிடம் இடத்தைக் காட்டிச் சொல்லுங்கள்.